மங்கை டீச்சர் தட்டும் சத்தம்

கையெழுத்துப் போடுவதில்லை என்று காலையில் பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு, பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் போட்டுத் தொலைத்தால்தான் என்ன, குடியா முழுகிவிடும் என்று இளகி, பத்து மணிக்கு ஏழாம் எண் அறையில் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கும்போது மறுபடியும் மாட்டேன் என்று இறுகியிருந்தது. மங்கையர்க்கரசிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஐம்பத்தாறு வயது, சாத்தூரில் இதே பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாகக் கணக்கு டீச்சர், ஒரு விடைத்தாளில் சரியா தப்பா என்று பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும். இந்த ஒரு காகிதத்துக்கு மூன்று நாளாக விடை வரவில்லை. காகிதம் கைப்பையில் இருந்தது. பள்ளிச் செயலாளர் தனுஷ்கோடியே டைப் அடிக்க வைத்துக் கொடுத்தது. மேற்படி காணொளிகளை உடனே நீக்கிவிடுவதாகவும், இனி இத்தகைய செயலில் ஈடுபட மாட்டேன் எனவும், பள்ளியின் நற்பெயருக்கு நேர்ந்த களங்கத்துக்கு மன்னிப்புக் கோருவதாகவும். கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே அவள் பெயர் வர வேண்டும். பன்னிரண்டரைக்குப் பரீட்சை முடிந்து மணி அடித்ததும் அவர் அறைக்கு அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மணிக்குக் கமிட்டி கூடுகிறது. கூடி, ஜூன் மாதம் காலியாகும் தலைமையாசிரியர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறது. சீனியாரிட்டிப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. கையெழுத்து இருந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். இவ்வளவுதான் கணக்கு. இதற்கு எதற்கு மூன்று நாள் என்று கேட்டுக்கொண்டே நாற்பது பேருக்கும் கேள்வித்தாளைக் கொடுத்து முடித்தாள்.

பிளஸ் ஒன், இயற்பியல், காலாண்டுத் தேர்வு. மேற்பார்வைக்கு நிற்கிறவர் உட்காரக்கூடாது, புத்தகம் படிக்கக்கூடாது, செல்போனைத் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. இரண்டரை மணி நேரம் ஒருத்தி தன் மண்டைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று அரசாங்கம் போட்ட சட்டம். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக் என்றது. இறக்கையில் ஏதோ ஒரு திருகு கழன்றிருக்கும். டிக், டிக். மற்றவர்களுக்கு இது தொந்தரவு, அவளுக்கு உச்சந்தலையில் ஆரம்பித்து பிடரி வழியாக மெல்ல இறங்குகிற ஒரு கூச்சம், சின்ன வயதில் அம்மா மடியில் கவிழ்ந்து படுத்துப் பேன் பார்க்கக் கொடுக்கும்போது நகமும் நகமும் சேர்கிற சத்தத்துக்கு வருமே, அதே. அதற்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயர் என்று இரண்டு வருடத்துக்கு முன்புதான் தெரிந்தது. பூச்சி மருந்துக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது, போகட்டும். உலகத்தில் எத்தனையோ பேர் தூக்கம் வராமல் இதற்காகவே காதில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்களாம், யாரோ முகம் தெரியாதவள் சீப்பையும் சோப்பு டப்பாவையும் நகத்தால் தட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் கண்ணயர்கிறார்களாம். ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு எடுத்தபோது ஆரம்பித்தது. யோசிக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் விரலால் தட்டுவது அவள் பழக்கம். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா போன் பண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர், நீங்க அந்த டப்பாவத் தட்டுறதுலயே பாப்பா தூங்கிப்போயிருதா, என்றாள். கணக்கு வகுப்பில் தூங்குகிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்தவள்தான், ஆனாலும் அந்த ஒருமுறை அவமானமாக இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்போது வீட்டில் இரண்டு சாவு நடந்திருந்தது.

பிறகுதான் சனிக்கிழமை மத்தியானங்களில் அடுப்படி மேடையில் துண்டை விரித்து, துணிக் கிளிப்பால் போனைக் கொடியில் மாட்டி, கை மட்டும் தெரிகிற மாதிரி காணொளி எடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தது. கதிரேசன், அவள் வீட்டுக்காரர், இது என்ன கூத்து என்று ஒருநாள் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, நீ தட்டு, நான் டி.வி.ய அமத்திக்கிறேன், என்று போய்விட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொன்னதிலேயே பெரிய காதல் வசனம் அது. பித்தளைப் படியை அடியில் தட்டினால் ஒரு சத்தம், விளிம்பில் தட்டினால் வேறு. தேங்காய், வாங்கும்போது காதோரம் வைத்துத் தட்டிப் பார்க்கிற அதே தேங்காய், முற்றலாக இருந்தால் சுண்டினதும் கணீரென்று சொல்லும். கூடை நாற்காலி, புதுச் செருப்பு அட்டைப்பெட்டி, மாத்திரை அட்டை. நகப்பூச்சு போட்டால் நகம் கொஞ்சம் தடித்து, சத்தம் சுத்தமாக விழுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அரக்குச் சிவப்பு. சனிக்கிழமை போட்டு ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுவாள், யாரும் பார்க்காமல், ஏதோ திருட்டுப் பொருளை ஒளிக்கிற மாதிரி. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. நகப்பூச்சுக்காக அல்ல, அழித்ததற்காக. எதற்கு அழித்தாய் மங்கை, யாருக்குப் பயந்து? தனுஷ்கோடி சொன்னது இதைத்தான், இந்த நகத்தைத்தான். டீச்சர், நான் பச்சையாவே சொல்லிருதேன், ஒரு கவுரவமான பொம்பள நகத்துல சாயம் பூசிக்கிட்டு கண்ட கண்ட ஆம்பளயளத் தூங்க வைக்கேன்னு தட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு ஊர்ல என்ன பேரு, நீங்களே சொல்லுங்க. அவள் காகிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அரிசி ஆலைக்காரர், ஆலைச் சத்தத்திலேயே வாழ்கிறவர், யாரையும் தூங்க வைக்கிற சத்தம் ஒன்று இருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று வெளியே வந்த பிறகு தோன்றியது. வெளியே வந்த பிறகு தோன்றி என்ன புண்ணியம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், அவள் வாயை மூட அவருக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பதினொன்று ஆகியிருக்க வேண்டும். பியூன் மாசானம் வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரண்டாவது மணியை அடித்தார். நாற்பது பேனாக்களும் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின.

முகம் காட்டவில்லை, பெயர் போடவில்லை, பேசக்கூட இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. வகுப்பில் பிள்ளைகளை அடக்க டஸ்டரின் மரப்பக்கத்தால் மேஜையில் தட்டுவாள்: டக்டக், ஒரு இடைவெளி, டக். முப்பத்தோரு வருடமாக அதே தட்டு. அந்த இடைவெளியில் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாவது தட்டுக்கு முதுகுகள் நிமிரும். பழக்கதோஷம், ஒவ்வொரு காணொளியையும் முடிக்கும்போது, அரைமணி நேரம் பூப்போலத் தட்டிவிட்டு, வகுப்பு முடிந்தது என்கிற மாதிரி அவளையறியாமல் அதையே தட்டியிருக்கிறாள். ஒன்றிரண்டு அல்ல, அறுபத்திரண்டு காணொளியிலும். யாரும் கண்டுகொள்ளவில்லை, மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிற பால்பாண்டி கேட்கும்வரை. காணொளிக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "டீச்சர், நீங்களா? நல்லா தூங்கிட்டு இருந்தேன். கடைசில டக்டக் டக்னு கேட்டதும் எந்திரிச்சு நேரா உக்காந்துட்டேன். ரூம்ல எல்லாரும் சிரிக்கானுவ. திரும்ப மொதல்ல இருந்து போட்டுத் தூங்கிட்டேன் டீச்சர். ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே கெடயாது. பால்பாண்டி, ஒம்பதாங்கிளாஸ் ஆ பிரிவு." சந்தோஷத்தில்தான் எழுதியிருக்கிறான். அதை எவனோ படம் பிடித்துப் பழைய மாணவர்கள் வாட்ஸாப் குழுவில் போட, அங்கிருந்து கமிட்டிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும். ஆ பிரிவு, மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். முகம் சரியாக வரவில்லை, விரல்தான் வருகிறது. நீள விரல்கள். பெஞ்சில் இரண்டு விரலை வைத்தானென்றால் உறுமி பேசும், அவனே நிறுத்த நினைத்தாலும் விரல் நிற்காது. நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது முறையும் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. மர ஸ்கேலைப் படுக்கையாக அல்ல, விளிம்பை நிமிர்த்திப் பிடித்து, விரல் கணுவில். கையை நீட்டு. மடக்கு. மடக்கின கையின்மேல். எத்தனை? கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு மட்டும் நினைவில்லை. அவன் அழவில்லை, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் பெஞ்சில் தட்டவேயில்லை. வகுப்பு அமைதியாயிற்று என்று அவள் அன்று சந்தோஷப்பட்டாள்.

மூன்று நாளாகக் கடிதத்தைப் பற்றி யோசிப்பதாக நினைத்துக்கொண்டு இந்த இடத்திலேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறாள், கதவு தெரியாமல் கண்ணாடியில் மோதுகிற குருவி போல. அடித்தார்கள், எல்லோரும்தான் அடித்தார்கள், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்க டீச்சர் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட காலம். இதைச் சொல்லித் தப்பிக்கலாம். எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அந்த விரல் கணு வந்துவிடுகிறது. தடித்து, வெள்ளையாகி, பிறகு சிவந்தது. குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்ற பழமொழியை வகுப்பில் சொல்லியிருக்கிறாள், குட்டுகிறவள் யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஸ்கேல் எடுத்திருப்பாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் கிரேன் நெம்புகோலைப் பிடித்து, பாலைவனத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் தூக்கம் வராமல் புரண்டு, கடைசியில் அவள் விரல் சத்தத்தில் வந்து தூங்கியிருக்கிறான். அவன் நியாயமாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. நீங்களா என்று மட்டும் கேட்டான்.

"டீச்சர்." நான்காவது வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "தர்ஷிகா பேனாவத் தட்டிக்கிட்டே இருக்கா டீச்சர். என்னால எழுத முடியல." பக்கத்தில் இருந்த தர்ஷிகாவின் விடைத்தாளில் பெயரும் முதல் பக்கத்தில் ஒரு பாதியும்தான் இருந்தன. மணி பதினொன்றரை. எல்லாம் மறந்து வெறித்துப்போன முகம், பேனா மூடி மட்டும் பெஞ்சில் தன்பாட்டுக்கு, டிடிக், டிடிக், விரல் வேறு யாருடையதோ என்பதுபோல. மங்கையர்க்கரசி நடந்தாள். பத்தடிதான். அவள் செருப்புச் சத்தம் நெருங்கியதும் அந்தப் பெண் செய்த காரியம் அவளை அந்த இடத்திலேயே நிறுத்தியது. பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் சட்டென்று பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணை அவள் தொட்டதுகூட இல்லை. பன்னிரண்டு வருடமாக யாரையும் அடித்ததில்லை, ஸ்கேல் எங்கே போனதென்றே தெரியாது. இவள் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே முடிந்த கதை. ஆனால் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் சொல்லியிருப்பான், சித்தப்பா சொல்லியிருப்பார், மங்கை டீச்சரிடம் விரலைக் காட்டாதே என்று ஊரே சோறு ஊட்டும்போது சேர்த்து ஊட்டியிருக்கும். தர்ஷிகா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இனிமே தட்ட மாட்டேன் டீச்சர். ஸாரி டீச்சர்."

இனி இத்தகைய செயலில் ஈடுபட மாட்டேன். கைப்பையில் இருக்கும் அதே வாக்கியம். ஐம்பத்தாறு வயதுக்காரியை எழுதச் சொல்லிக் கேட்பதும் இதைத்தான், பதினாறு வயதுக்காரி கேட்காமலே கொடுப்பதும் இதைத்தான். மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், மூன்று நாளாக வர வேண்டியது, வழி தெரியாமல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி மேலா, தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க அவசியமும் இல்லை. கூடுதல் தாள் ஒன்றை எடுத்து நாலாக, எட்டாக மடித்தாள். மடிப்பைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள்.

"கைய மேல எடு."

எடுத்தாள்.

"இதும்மேல தட்டு. சத்தம் வராது. பக்கத்துல எழுதுறவளுக்கும் தொந்தரவு இல்ல."

தர்ஷிகா அவளைப் பார்த்தாள். சோதிக்கிறார்களோ என்கிற பார்வை. "தட்டவா டீச்சர்?"

"தட்டும்மா. தட்டிக்கிட்டே யோசி. எதுவும் ஞாபகம் வரலன்னா தெரிஞ்ச கணக்குல இருந்து ஆரம்பி. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு."

மேஜைக்குத் திரும்பினாள். சட்டம் இருக்கட்டும் ஒரு பக்கம் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், முப்பத்தோரு வருடத்தில் பரீட்சை அறையில் முதல்முறை. ஒரு வெள்ளைத்தாள். மன்னிப்புக் கடிதம் வேண்டுமா, எழுதுகிறேன். எழுத வேண்டிய கடிதம் இருபத்திரண்டு வருடமாகப் பாக்கி இருக்கிறது, அதை யாரும் டைப் அடித்துக் கொடுக்கவில்லை, கமிட்டி கூடவில்லை, அன்று பள்ளிக்கூடத்தின் நற்பெயர் ஒரு துளியும் குறையவில்லை, இன்னும் சொல்லப்போனால் கண்டிப்பான டீச்சர் என்று இதே தனுஷ்கோடியின் அப்பா ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார். பயமுறுத்தித் தட்டினதுக்குப் பொன்னாடை, தூங்க வைக்கத் தட்டினதுக்குக் களங்கம். நல்ல ஊர் இது. போனில் அந்தக் காணொளிக்குக் கீழேயே அவனுக்குப் பதில் போட்டுவிடலாம், ஒரு வரி, ஒரு கும்பிடு பொம்மை. கூடாது. தப்பு செய்தால் பெயர், தேதி, கையொப்பத்தோடு எழுதித் தரச் சொல்லிப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவள் அவள், அவளுக்கும் அதேதான். விடுநர் எழுதினாள். பெறுநர் எழுதினாள். அவன் அம்மா வீடு படந்தாலில் இருக்கிறது, அங்கே போட்டால் போய்ச் சேரும். பொருள் என்ற இடத்தில் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. கையில் வலி எடுப்பதுபோல் இருந்தது, கணுவில், அது கற்பனை என்று தெரியும், தெரிந்தும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு ஓடியது. அன்பு பால்பாண்டி, நான்தான். உன்னை அடித்தது தப்பு. நீ செய்தது தப்பில்லை. இதைச் சொல்ல இத்தனை வருடமானது இன்னொரு தப்பு. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம். தலை நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, நாற்பது பேரில் ஒருத்தரும் பார்க்கவில்லை, எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தர்ஷிகா மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். இடது கை மடிப்பின்மேல் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரை மணி அடித்தது. தாள்களை வாங்கி, எண்ணிக் கட்டி, அலுவலகத்தில் ஒப்படைத்தாள். கைப்பையின் பக்கவாட்டு அறையில் சிவப்புக் குப்பி இருந்தது, சனிக்கிழமைக்காக நேற்று வாங்கியது. இன்று புதன்கிழமை. ஆசிரியைகள் அறையில் பத்து விரலுக்கும் பூசி, காயும்வரை ஊதிக்கொண்டு நின்றாள். அவசரத்தில் இரண்டு விரலில் தோலிலும் பட்டுவிட்டது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதையும் கூட்டிக்கொண்டுதான் செயலாளர் அறைக்கு நடந்தாள்.

தனுஷ்கோடி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் நீட்டிய கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. "நல்லது டீச்சர். டைப் அடிச்சதுலயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். நீங்களே கைப்பட எழுதினது அதவிட விசேஷம்தான்." பிறகு மேலே பார்த்தார். "பால்பாண்டியா? அது யாரு?"

"நான் அடிச்ச பையன் சார்."

அவர் முழுப் பக்கத்தையும் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். "இத எதுக்கு எங்கிட்டக் குடுத்தீங்க?"

"மன்னிப்புக் கடிதம் கேட்டீங்க. நான் எழுத வேண்டியது இது ஒண்ணுதான். எழுதிட்டேன்னு உங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் காட்டினேன்."

"அப்ப கமிட்டிக்கு?"

"கமிட்டிக்கு எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார். வீடியோ எல்லாம் அப்படியே இருக்கும். சனிக்கிழம இன்னொண்ணு வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவள் விரல்களைக் கவனித்தார். "யோசிச்சுப் பேசுங்க டீச்சர். எச்.எம். போஸ்ட் வேண்டாம்னு சொல்றீங்களா?"

"வேணும் சார். எப்படி வேண்டாம்னு சொல்வேன்? சீனியாரிட்டில எனக்கு வர்ற எடம் அது. ஜூன்ல வந்து உக்காருவேன். வேற ஆளப் போடுறதுன்னா காரணத்த எழுத்துல குடுங்க. மங்கையர்க்கரசி நகத்தால தட்டி நாலு பேரத் தூங்க வச்சா, அதனால தகுதி இல்லன்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் கோர்ட்டுல பாத்துக்கிறேன்."

அவர் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் கேள்வித்தாளை மடித்து விசிறிக்கொண்டு போனார்கள்.

"அதக் குடுங்க சார்," என்று மங்கையர்க்கரசி கையை நீட்டினாள். "இன்னைக்குத் தபால்ல சேக்கணும்."

அவர் உடனே கொடுக்கவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை.